எதைப் பாடுவது, எதை விடுவது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளை முன்னிட்டு, இசைமாலைக்கான ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காது, மூக்கு, தொண்டை வைத்தியத்துறையில் பணியாற்றும் எம்மைச் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "தொண்டையைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கோ" என்றுதான் முதலில் கேட்டார். பிறகுதான் மெல்ல விசயத்துக்கு வந்தார். நூற்றாண்டு இசைமாலை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், அதன்பின் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நடைபெற இருக்கிறது. கிளைகளிலிருந்து வந்த பாட்டுகளின் எண்ணிக்கை 62. மேடையில் இடமிருப்பதோ 12 பாட்டுகளுக்கு. எதைப் பாடுவது, எதை விடுவது என்பதில் மூன்று மாதமாக முடிவில்லை. இரண்டொருவர் தங்களுக்குள் பேச்சையே குறைத்துக்கொண்டார்கள் என்றும் அறிந்தோம். "தொண்டையோடு சேர்த்து இதற்கும் ஒரு மருந்து சொல்லுங்கோ" என்றார் செயலாளர்.

மருந்து எம்மிடம் இல்லை. ஆனால், 50 வருடம் 60 வருடம் மேடையில் பாடிய பெரியவர்கள் இந்தக் கேள்வியை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் எதிர்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று பார்த்தால் எமக்கும் ஒரு வழி பிறக்கலாம். அதையே இன்று பேசப்போகிறோம்.

வரிசையும் உடம்பும்

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு இருந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வர்ணம், கீர்த்தனை, இராகம், பல்லவி என்று தரம் தரமாகப் பாடமாக்கினோம். இன்று நாம் காணும் கச்சேரி வரிசை ஆதிகாலந்தொட்டு அப்படியே இருந்து வந்தது என்றே அன்று நினைத்திருந்தோம். அந்த வரிசைக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். 1890 முதல் 1967 வரை வாழ்ந்தவர். சில உருப்படிகளையே நெடுநேரம் விரித்துப் பாடும் வழக்கம் இருந்த காலத்தில், பல உருப்படிகளைக் கொண்ட, விறுவிறுப்பான ஒரு கச்சேரி முறையை அவர் நிலைநிறுத்தினார். வர்ணத்தில் தொடக்கம், பிறகு சிறிய, துரிதமான கீர்த்தனைகள், நடுவில் விரிவான இராக ஆலாபனையோடு பிரதான உருப்படி, தனி ஆவர்த்தனம், இராகம் தானம் பல்லவி, கடைசியில் விருத்தம், பதம், ஜாவளி, தமிழ்ப் பாடல்கள், மங்களம்.

ஒரு வைத்தியராகப் பார்த்தால் இந்த வரிசை எம்மை வியக்க வைக்கிறது. வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடுகிறோம். மந்தரத்திலிருந்து தாரம் வரை குரல் ஒருமுறை போய் வருகிறது. குரல்நாண்களில் இரத்த ஓட்டம் கூடுகிறது, மூச்சு ஒழுங்குக்கு வருகிறது. விளையாட்டு வீரர் ஓடுமுன் கைகாலை உதறிக்கொள்வதும் இதற்குத்தான். அதன்பின் வரும் சின்னக் கீர்த்தனைகள் குரலையும் சபையையும் ஒன்றாகச் சூடாக்குகின்றன. குரல் நன்றாகத் திறந்து, ஆனால் இன்னும் களைக்காத வேளையில் பிரதான உருப்படி வருகிறது. அது முடியும்போது மிருதங்கக்காரருக்குத் தனி. அந்நேரம் பாடகருக்கு ஓய்வு. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கலாம். பாரத்தைக் கழித்துவிட்டுக் கடைசி அரைமணி நேரத்தில் இலேசான பாட்டுகள். கேட்பவரின் காதும் அப்போது களைத்திருக்கும். அதற்கும் அதுவே பொருத்தம்.

இந்த வரிசைக்குள் இன்னும் நுணுக்கங்கள் உண்டு. அடுத்தடுத்து ஒரே சாயலுள்ள இரண்டு இராகங்கள் வரக்கூடாது. சுத்த மத்திம இராகம் ஒன்று பாடினால் அடுத்தது பிரதி மத்திமமாக இருந்தால் காது புதிதாகக் கேட்கும். ஆதி தாளத்தில் இரண்டு வந்தால் மூன்றாவது ரூபகமோ மிஸ்ர சாபோ ஆகட்டும். ஒரே வாக்கேயக்காரரே தொடர்ந்து வரவும் வேண்டாம். பல வித்துவான்கள் குறிப்பேடு வைத்திருப்பார்கள்: போன வருடம் இந்தச் சபையில் எதைப் பாடினோம், எது எடுபட்டது, எந்த இராகத்தை விரித்தோம் என்றெல்லாம் எழுதியிருக்கும். மேடையில் அப்போதைக்கப்போது தோன்றியதைப் பாடுவதாக நாம் நினைப்பதன் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

எம் ஊர் நாதஸ்வர வித்துவான்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். கோயில் திருவிழாவில் சுவாமி புறப்படும்போது மல்லாரி. அது சபையின் விருப்பத்துக்கு வாசிப்பதன்று, சுவாமியின் நடைக்கு வாசிப்பது. விடியற்காலைக்குப் பூபாளம். ஊஞ்சலுக்கும் பள்ளியறைக்கும் நீலாம்பரி, ஆனந்தபைரவி. வீதியில் நின்று கேட்ட எமக்கு இராகத்தின் பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் பாயில் படுத்திருந்தபடியே, சுவாமி இருப்புக்குப் போகப்போகிறார் என்று வாசிப்பை வைத்துச் சொல்லிவிடுவோம். எந்தப் பாட்டு என்பதோடு எந்த நேரத்துப் பாட்டு என்பதும் தெரிவில் அடங்கும் என்பதை எமக்கு முதலில் கற்றுத் தந்தவர்கள் அவர்கள்தான்.

ஊருக்கு ஏற்ற பாட்டு

பயணக் கச்சேரி என்றால் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவைப் பேசாமல் இருக்க முடியாது. 1963இல் எடின்பரோ விழா, 1966 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபம், 1977இல் கார்ணகி ஹோல், 1982இல் இலண்டன். பட்டியல் தயாரிப்பதில் அவருடைய கணவர் சதாசிவம் அவர்களின் பங்கு பெரியது. மகள் ராதா விஸ்வநாதன் கூட இருந்து பாடுவார். பெரிய பயணங்களுக்கு முன் பட்டியலை முடிவுசெய்து திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பது அவர்கள் வழக்கம்.

ஐக்கிய நாடுகள் சபையில் இருந்தவர்களில் அநேகருக்குக் கர்நாடக இசை புதிது. அவர்களுக்காக இசையை இலேசாக்கவில்லை. கச்சேரியின் உடல் கச்சேரியாகவே இருந்தது. ஆனால் முடிவில் அந்த இடத்துக்கென்றே இரண்டு பாடல்களைச் சேர்த்தார்கள். ஒன்று காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் சமஸ்கிருதத்தில் இயற்றிய 'மைத்ரீம் பஜத' என்னும் உலக நட்புப் பாடல். மற்றது இராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பிரார்த்தனை. உலக நாடுகள் கூடும் மண்டபத்தில், நட்பையும் மன்னிப்பையும் கேட்கும் இரண்டு பாடல்கள். விருந்தாளியாகப் போகிறவர் தன் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுபோகிறார். கூடவே அந்த வீட்டுக்காரரை நினைத்து ஒன்றும் கொண்டுபோகிறார். அவர் பல மொழிகளில் பாடியதும் இதே மரியாதையால்தான். ஒரு மொழியில் ஒரேயொரு பாட்டுப் பாடுவதாக இருந்தாலும், அதன் பொருளையும் உச்சரிப்பையும் தெரிந்தவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்வார்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளை அவர் பெருந்தொகையாகப் பாடமாக்கி இசைத்தட்டுகளாகத் தந்தது அறுபது வயதைத் தாண்டிய பின். பாடிப் புகழ்பெற்ற நூற்றுக்கணக்கான பாட்டுகள் கைவசம் இருக்க, அந்த வயதில் புத்தகத்தைத் திறந்து மாணவியாக அமர்ந்தார். "இனி எங்களுக்குப் புதுப் பாட்டுப் பிடிபடாது" என்று எழுதியனுப்பிய எமது அக்காமாரின் கவனத்துக்காக இதைச் சொல்கிறோம்.

பட்டியலில் இடம் என்பது மதிப்பு

எந்தப் பாட்டைச் சேர்த்தார்கள் என்பதைப்போல, எங்கே வைத்தார்கள் என்பதும் பேசும். கச்சேரியில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகள் நடுநாயகமாக இருக்க, தமிழ்ப் பாடல்கள் கடைசியில் 'துக்கடா' என்ற பெயரில் ஒதுக்கப்படுகின்றன என்ற மனத்தாங்கலில்தான் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றது. 1943இல் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கல்கி அதற்காகத் தொடர்ந்து எழுதினார். தமிழ்ப் பாட்டு பாடப்படாமல் இருக்கவில்லை. எந்த இடத்தில் பாடப்பட்டது என்பதுதான் வழக்கு.

டி.கே. பட்டம்மாள் அம்மாவின் கதையும் இதுவே. இராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்து, பெண்களுக்குக் கணக்கு வராது என்று பலர் எண்ணியிருந்த காலத்தில் அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டவர் அவர். பாரதியார் பாடல்களையும் மேடைக்குக் கொண்டுவந்தார். எந்த உரையும் அவர் நிகழ்த்தவில்லை. பட்டியலே அவருடைய உரையாக இருந்தது.

எமது 62 பாட்டுகளைப் பற்றிய வாக்குவாதத்தைக் கேட்டபோது இதுதான் எமக்கு நினைவில் வந்தது. "என்ர பாட்டைக் கடைசியில் போட்டுவிட்டார்கள்" என்று ஒரு அக்கா மனம் நொந்தால் அதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்க வேண்டாம். அவர் கேட்பது, கல்லூரியின் நூறு வருடக் கதையில் தன் காலத்துக்கு எந்த இடம் என்பது.

கேட்பவர் கேட்கும் பாட்டு

மதுரை மணி ஐயரின் கச்சேரிகளில் அன்பர்கள் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். அதில் அதிகம் கேட்கப்பட்டவற்றுள் ஒன்று 'இங்கிலீஷ் நோட்டு'. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மேற்கத்திய பாண்ட் வாத்தியச் சாயலில் அமைத்த சின்னஞ்சிறு உருப்படி அது. ஆழ்ந்த இராகங்களைப் பாடிய மேதை, அந்தக் குட்டி உருப்படியையும் முகம் சுளிக்காமல் பாடினார். ஆனால் கச்சேரியின் வால்பகுதியில்தான் அதற்கு இடம். கேட்பவரின் ஆசையை மறுக்கவும் இல்லை, அதற்காகக் கச்சேரியை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

பிற நாட்டு மூத்த பாடகர்களும் இதே இடத்தில் இரு வேறு வழிகளில் போயிருக்கிறார்கள். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன், இரசிகர்கள் மட்டையில் எழுதித் தூக்கிப் பிடிக்கும் பாட்டைப் பார்த்து, திட்டத்தில் இல்லாததைக்கூட அங்கேயே பாடிவிடுவார். பொப் டிலன் 1988 முதல் ஏறக்குறைய ஓயாமல் பயணம் செய்தவர். தன் பழைய பாட்டுகளை மெட்டையும் நடையையும் மாற்றிப் பாடுவார். பாதிப் பாட்டு முடிந்த பிறகுதான் இது அந்தப் பாட்டு என்று சபைக்கு விளங்கும். பழைய பாட்டைப் பழையபடியே பாடினால் அது தனக்குச் செத்துப்போகும் என்று அஞ்சுகிறவர் போலும். இருவரையும் இரசிகர்கள் கைவிடவில்லை. தன் வழி எது என்று பாடகர் தெளிவாக இருந்தால் சபை பின்தொடரும் என்றே எமக்குத் தோன்றுகிறது.

எம் மண்ணுக்கு உரிய ஒரு பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. இணுவில் ந. வீரமணி ஐயர் மயிலைக் கற்பகாம்பாள் மீது இயற்றிய 'கற்பகவல்லி' பாடலை டி.எம். சௌந்தரராஜன் பாடினார். தமிழ் உலகெங்கும் அது பரவியது. பாடியவரைத் தெரிந்தவர்களில் பலருக்கு எழுதியவர் இணுவிலார் என்பது தெரியாது. மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரியின் அதிபராக இருந்து எம் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். வந்த 62 பாட்டுகளில் வீரமணி ஐயரின் பாட்டு நான்கு கிளைகளிலிருந்தும் வந்திருக்கிறது. அதைப்பற்றி வாக்குவாதம் வேண்டாம், பட்டியலில் அதற்கு இடமுண்டு என்று இப்போதே சொல்லிவிடலாம்.

வயதும் குரலும்

இனி எம் தொழிலுக்கு வருவோம். வயது போகப்போகக் குரல்நாண்களின் தசை மெலிகிறது. இரண்டு நாண்களும் முன்போல இறுக மூடுவதில்லை. நடுவே சிறிய இடைவெளி விழுந்து காற்றுக் கசிகிறது. குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது. நெஞ்சுக்கூட்டின் நெகிழ்ச்சி குறைந்து மூச்சின் அளவும் சுருங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு நாண்கள் சற்றுத் தடித்து, சுருதி கீழிறங்கும். பதினாறு வயதில் ஐந்தரைக் கட்டையில் எட்டிய தார ஸ்தாயி, ஐம்பத்தாறு வயதில் எட்டாமல் போவதற்கு இவைதான் காரணம். சாதகம் போதாததால் மட்டும் வருவதன்று. அதற்காக வெட்கப்பட எதுவுமில்லை.

மூத்த கலைஞர்கள் இதை ஏற்றுக்கொண்டு வழி கண்டார்கள். சுருதியை அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கினார்கள். மத்திய ஸ்தாயியிலேயே அழகு காட்டும் இராகங்களைத் தெரிந்தார்கள். நீண்ட ஒரே மூச்சுச் சங்கதிகளைக் குறைத்து, சொல்லையும் பாவத்தையும் முன்னுக்கு வைத்தார்கள். மேலே போகும் இடத்தைச் சிஷ்யர் எடுத்துக்கொள்வார். செம்மங்குடி சீனிவாச ஐயர் இயற்கையில் இனிமையான குரல் வாய்த்தவர் அல்லர் என்று இளமையிலேயே பேசப்பட்டவர். அசுர சாதகத்தால் மேலெழுந்து, தொண்ணூறு வயதை எட்டியும் மேடையேறினார். கேட்டவர்கள் குரலுக்காகப் போகவில்லை. அத்தனை வருடம் ஒரு இராகத்தோடு குடியிருந்த மனிதர் அதை எப்படித் திறக்கிறார் என்று கேட்கப் போனார்கள்.

கனடாவில் பிறந்த பாடகி ஜோனி மிச்சல் தன் இருபதுகளில் எழுதிய ஒரு பாட்டு, வாழ்க்கையை இரு பக்கமும் பார்த்துவிட்டதாகச் சொல்வது. அன்று மெல்லிய உச்சக் குரலில் பாடினார். 2000ஆம் ஆண்டில் அதே பாட்டைத் தடித்த, தாழ்ந்த குரலில் மீண்டும் ஒலிப்பதிவு செய்தார். 2015இல் மூளையில் இரத்தக்குழாய் வீக்கம் வெடித்து, நடையையும் பேச்சையும் மீண்டும் கற்கவேண்டிய நிலைக்கு வந்தார். 2022இல், 78 வயதில், நியூபோர்ட் இசைவிழாவில், ஆசனத்தில் இருந்தபடி, இளைய கலைஞர்கள் சூழ அதே பாட்டைப் பாடினார். சொற்கள் மாறவில்லை. இருபது வயதில் எழுதிய சொற்களுக்கு எழுபத்தெட்டு வயது வந்திருந்தது. குரல் இறங்கியதால் பாட்டு குறையவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மறதி வந்தாலும் போகாதவை

அமெரிக்கப் பாடகர் ரொனி பெனற்றுக்கு 2016இல் அல்சைமர் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. 2021 ஓகஸ்ட் மாதம், தன் 95ஆவது பிறந்தநாளை ஒட்டி, நியூயோர்க்கில் லேடி காகாவுடன் இரண்டு கடைசிக் கச்சேரிகள் பாடினார். புதிய பாட்டு எதையும் அவர்கள் தேடவில்லை. பல்லாண்டுகளாக அவர் பாடி வந்தவையே பட்டியல். இசை தொடங்கியதும் சொற்கள் தாமாக வந்தன. கிளென் காம்பெல் அதே நோயோடு 2011இல் விடைபெறும் பயணத்தைத் தொடங்கினார். வாத்தியக் குழுவில் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள். வரிகள் மறந்தால் பார்க்க ஒரு திரை வைத்திருந்தார்கள். 150க்கு மேற்பட்ட கச்சேரிகள் நடந்தன.

எமது வைத்தியசாலைகளிலும் இதைக் காண்கிறோம். பக்கவாதத்தால் பேச்சுப் போனவர், தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் தவிப்பார். பக்கத்துக் கட்டிலில் யாராவது தேவாரம் தொடங்கினால் கூடச் சேர்ந்து பாடுவார். பேச்சு பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கத்தில் அமைந்திருக்கிறது. பாட்டில் வலப்பக்கமும் பங்கெடுக்கிறது. இடப்பக்கம் தாக்கப்பட்டாலும் பாட்டு ஒரு ஓரத்தால் வந்துவிடுகிறது. சிறுவயதில் நூறு தடவை பாடியவைதான் அப்படிக் கடைசிவரை நிற்பவை. காலைப் பிரார்த்தனையில் எம் கல்லூரி எமக்குத் தந்தவை அந்த இனத்தைச் சேர்ந்தவை. தேவாரமும் சரி, கிறிஸ்தவத் தோழிகள் பாடிய கீதங்களும் சரி.

எமது பட்டியல்

இப்போது எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லாமல் இருக்கும் பாட்டுக்கு வருவோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு மேல் இருக்கிறீர்கள். எமது வகுப்பினருக்கு அப்போது பதினைந்து வயது. தென்மராட்சியில் இன்னொரு பாடசாலையின் கொட்டகையில் எமக்குப் பின்னேர வகுப்பு நடந்தது. மணி அடிக்க மணி இல்லை. சங்கீத ரீச்சர் சின்னதாக ஒரு பிரார்த்தனை எழுதி, நாதநாமக்கிரியையில் மெட்டமைத்துத் தந்தார். அதைப் பாடத் தொடங்கினால் பிள்ளைகள் மர நிழல்களிலிருந்து வந்து சேருவார்கள். பாட்டுத்தான் மணி. முதலில் அதைப் பாடிய ஏழு பேரில் இருவர் இன்று உயிரோடு இல்லை. மூவர் நாட்டில் இல்லை.

இந்தப் பாட்டைச் சேர்க்கவேண்டும் என்று இலண்டனிலிருந்து எழுதியிருக்கிறார்கள். வேண்டாம், நூற்றாண்டு கொண்டாட்டம், அழுகை வேண்டாம் என்று இங்கேயிருந்தே சிலர் சொல்கிறார்கள். அந்த இருவரில் ஒருவரின் தாயார் இன்னமும் கல்லூரி நிகழ்வுகளுக்கு வருகிறவர். அவர் முன்னால் எப்படிப் பாடுவது என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக் கதையும் நியாயமானது. அதனால்தான் மூன்று மாதம் சென்றது.

மூத்தவர்களின் வழியை வைத்துப் பார்த்து, எமது வகுப்பினர் கூடிப் பேசி ஒரு யோசனையைச் சபையின் முன் வைக்கிறோம்.

அந்தப் பாட்டு யாழ்ப்பாண நிகழ்ச்சியில் இடம்பெறட்டும். தொடக்கத்தில் வேண்டாம், சபையின் காது அதற்கு ஆயத்தமாயிராது. முடிவிலும் வேண்டாம், அந்தப் பாரத்தோடு ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. பிரதான உருப்படி முடிந்து சபை அமைதியாக இருக்கும் இடத்தில் வரட்டும். அறிவிப்பு, விளக்கம், படக்காட்சி எதுவும் வேண்டாம். தெரிந்தவர்களுக்கு அது எது என்று தெரியும். தெரியாத பிள்ளைகள் ஒரு நல்ல பிரார்த்தனையாகக் கேட்பார்கள். பாடுவதற்கு யாரையும் பட்டியலிட வேண்டாம், விரும்பியவர்கள் எழுந்து பாடலாம். அந்தத் தாயாரிடம் எமது வகுப்பினர் இருவர் நேரில் போய்க் கேட்டோம். "பாடுங்கோ பிள்ளையள், நானும் வந்து கேட்கிறன்" என்றார். அவருடைய சொல்லுக்கு மேல் எமக்கு வேறு சொல் இல்லை. மற்ற மூன்று ஊர்களிலும் அந்தந்தக் கிளை முடிவெடுக்கட்டும். எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல் என்பது எம்.எஸ். அம்மாவின் வழி அன்று.

சுருதி நான்கு கட்டை. அது சங்கீத ரீச்சருக்கு வசதியான சுருதி. அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவரும் பாடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எமக்கு நான்கு கட்டை கொஞ்சம் தாழ்வு என்று முறையிடும் தங்கைமார் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் எமக்காகப் பல வருடம் தன் குரலை ஏற்றிப் பாடியவர்.

மற்றப் பதினொன்றுக்கும் சில ஒழுங்குகளைச் சொல்கிறோம். முதலில் எல்லோருக்கும் தெரிந்த, குரலைச் சூடாக்கும் ஒன்று. ஒவ்வொரு இருபது வருடத்து மாணவிகளுக்கும் குறைந்தது ஒரு பாட்டு, அதுவும் எல்லாம் கடைசியில் குவியாமல். தேவாரமும் கிறிஸ்தவ கீதமும் பக்கத்தில் பக்கத்தில். அந்தந்த ஊருக்கென்று ஒன்று. கொழும்புக் கிளை சிங்களப் பாட்டு ஒன்றைச் சேர்க்க விரும்பினால், உச்சரிப்பை அந்த மொழிக்காரர் ஒருவரிடம் திருத்திக்கொண்டு மேடையேறட்டும். இன்றைய மாணவிகள் அமைத்த புதுப் பாட்டு ஒன்று, அதை அறுபது வயதுக்கு மேற்பட்ட அக்காமாரும் பாடமாக்க வேண்டும். கல்லூரிக் கீதம் முடிவில், அதற்கு முன் எல்லோரும் சிரித்துக் கைதட்டக்கூடிய ஒன்று. மணி ஐயரின் நோட்டைப்போல.

விடுபடும் 50 பாட்டுகளும் வீணாக வேண்டாம். இந்த மலரின் பின்பகுதியில் அவற்றின் பெயர்களையும், எந்த ஆண்டில் யார் பாடினோம் என்பதையும் அச்சிடும்படி மலர்க்குழுவைக் கேட்டிருக்கிறோம். அடுத்த நிகழ்ச்சிக்குப் பட்டியல் போடுகிறவர்களுக்கு அது ஒரு குறிப்பேடாகும்.

கடைசியாக, செயலாளர் முதலில் கேட்ட தொண்டைப் பேச்சு. ஒத்திகை நாட்களில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடியுங்கள். தொண்டையைச் செருமிச் செருமிச் சுத்தம் செய்யாதீர்கள், நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்படும். குரல் கம்மினால் குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வன்று, பேசாமலிருப்பதே ஓய்வு. இரவு சாப்பிட்ட உடனே படுக்காதீர்கள், இரைப்பையின் அமிலம் மேலே வந்து குரல்வளையைச் சுடும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் பனங்கற்கண்டோடு நிற்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மாணவப் பருவத்தில் உயர்ந்த சுருதியில் பாடியவர்கள் அதே சுருதியைத் தேடிப் போராட வேண்டாம். முதல் ஒத்திகையில் ஒவ்வொருவருடைய சுருதியையும் குறித்து, அதன்படி குழு பிரிப்போம்.

ஒத்திகை வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கல்லூரிச் சங்கீத அறையில் தொடங்குகிறது. வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒலிப்பதிவு அனுப்பி வைக்கப்படும். பேச்சைக் குறைத்துக்கொண்ட அந்த இரண்டு அக்காமாருக்கும் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டிருக்கிறோம்; இருவருக்கும் ஒரே சுருதி.